சர்க்கரைக் கிண்ணமும் தாவீது ஊற்றிய தண்ணீரும்



நம் இல்லங்களில் மகிழ்ச்சி வந்தால், அது முதலில் நாவில்தான் தெரியும். கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு அதிரசமும் கேக்கும். திருமண நிச்சயத்துக்குக் கற்கண்டு. பிள்ளை தேர்வில் வென்றால் தெருவெங்கும் மிட்டாய். கர்த்தர் தரும் நன்மைகளை இனிப்போடு கொண்டாடுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் அடுக்களை அலமாரியில் அமைதியாக இருக்கும் அந்தச் சர்க்கரை டப்பாவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் திருச்சபை தலைகுனிந்து வாசிக்க வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன. அதிகாரமோ வாக்குரிமையோ இல்லாத எளிய விசுவாசிகள் தங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த பக்கங்களும் இருக்கின்றன. இவ்வாரம் அவற்றைச் சேர்த்து வாசிப்போம்.

சர்க்கரை நடந்து வந்த வழி

கரும்பு முதன்முதலில் பயிரிடப்பட்ட இடம் நியூகினித் தீவு என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அங்கிருந்து அது இந்தியாவை வந்தடைந்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி, பாகைப் படிகமாக்கும் தொழிலை வளர்த்தவர்கள் இந்தியர்கள். 'சர்க்கரா' என்னும் வடசொல்லே பாரசீகம், அரபு மொழிகளின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று 'சுகர்' ஆயிற்று. நாம் கற்கண்டு என்று சொல்லும்போது ஒலிக்கும் 'கண்டு' என்பதற்கு உறவான சொல்லே அங்கே 'கேண்டி' ஆயிற்று. தமிழ் இலக்கியத்திலும் கரும்புக்குப் பழமையான இடமுண்டு. அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் போற்றுகிறார்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சர்க்கரை அரசர்களின் பந்திக்கும் மருந்துக் கடைகளுக்கும் மட்டுமே உரிய அரும்பொருளாக இருந்தது. 1493ஆம் ஆண்டில் கொலம்பஸ் தம் இரண்டாம் கடற்பயணத்தில் கரும்புக் கரணைகளைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். 1640களில் ஆங்கிலேயர் பார்படோஸ் தீவில் பெருந்தோட்டங்களை அமைத்தனர். பின்பு ஜமெய்க்கா அவர்களுடைய மிகப் பெரிய சர்க்கரைத் தீவாயிற்று. அரும்பொருள் அன்றாடப் பொருளானது இப்படித்தான். 1700ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4 ராத்தல் சர்க்கரை செலவாயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பின் அது 18 ராத்தல் அளவுக்கு உயர்ந்தது. ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம்.

தேநீரும் காப்பியும் கோக்கோவும் இயல்பில் கசப்பானவை. அவை பரவப் பரவச் சர்க்கரையும் பரவியது. ஏழைத் தொழிலாளிகூட ரொட்டித் துண்டோடு இனிப்புத் தேநீரைக் காலை ஆகாரமாகக் கொண்டார். செல்வர் வீடுகளில் பிரசன்னத் திருநாளையொட்டி, சர்க்கரைப் பூச்சினால் அலங்கரித்த பெரிய 'பன்னிரண்டாம் இரவுக் கேக்' வெட்டப்பட்டது. சாஸ்திரிகள் பாலகனாகிய இயேசுவைப் பணிந்துகொண்ட அந்த நாளின் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பந்தியில் கேட்டவர்கள் மிகச் சிலரே.

ஆலையின் உள்ளே

கரும்பை வெட்டி வைத்துக் காத்திருக்க முடியாது. ஓரிரு நாட்களுக்குள் ஆலையிலிட்டுச் சாறு பிழிந்தாக வேண்டும். பிழிந்த சாற்றை உடனே காய்ச்ச வேண்டும். தாமதித்தால் அது புளித்துக் கெட்டுவிடும். ஆகவே அறுவடை நடக்கும் மாதங்களில் தோட்டத்து ஆலைகள் இரவு பகலாக ஓடின. பகலெல்லாம் வயலில் வெட்டியவர்களே முறைவைத்து இரவிலும் ஆலையில் நின்றார்கள். சுழலும் உருளைகளுக்கு இடையில் கரும்பைக் கையால்தான் செலுத்த வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதையும் ஆலை இழுத்துக்கொள்ளும். அப்போது உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கையை வெட்டியெடுக்க, ஆலையின் அருகே ஒரு கோடரி தயாராக வைக்கப்பட்டிருந்தது. காய்ச்சும் கொட்டகையில் வரிசையாகப் பதித்த செப்புக் கொப்பரைகளில் பாகு கொதித்தது. அது உடலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டே சுடும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமே. பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் ஏறக்குறைய 30 இலட்சம் பேரை ஏற்றிச் சென்றன. அவர்களில் இலட்சக்கணக்கானோர் கடலிலேயே மாண்டனர். சர்க்கரைத் தீவுகளில் நெடுங்காலம் பிறப்பைக் காட்டிலும் இறப்பே மிகுதியாக இருந்தது. அதனால் ஆண்டுதோறும் புதிய கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

திருச்சபையின் தோட்டம்

இனி எழுதப்போவதை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 1710ஆம் ஆண்டில் காலமான கிறிஸ்டோபர் கோட்ரிங்டன் என்னும் செல்வர், பார்படோஸிலிருந்த தம்முடைய இரண்டு கரும்புத் தோட்டங்களை இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு மிஷனெரி சங்கத்துக்கு உயில் எழுதி வைத்தார். தோட்டத்தில் எப்போதும் குறைந்தது 300 அடிமைகள் இருக்க வேண்டும் என்பது அந்த உயிலின் நிபந்தனை. 1701இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் பெயரை நம் சபைப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அது எஸ்.பி.ஜி. சங்கம். பின்னாளில் தஞ்சாவூரிலும் நாசரேத்திலும் இடையன்குடியிலும் ஆலயங்களையும் பள்ளிகளையும் எழுப்பிய அதே சங்கம்.

சங்கம் தோட்டத்தை ஏற்றுக்கொண்டது. அடிமைகளையும் ஏற்றுக்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் அவர்களின் மார்பில் 'சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சூடிடப்பட்டது. சுவிசேஷத்தை அறிவிக்கத் தோன்றிய ஒரு சங்கத்தின் பெயர், மனிதருடைய மாமிசத்தில் உடைமைக் குறியாகப் பதிந்தது. அந்தத் தோட்டத்தின் சர்க்கரை விற்ற பணம் சங்கத்தின் காரியங்களுக்குப் பயன்பட்டது. அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அதுவரை 'உடைமையாக' இருந்தவர்களுக்கு ஈடாகச் சங்கம் அரசிடமிருந்து 8,800 பவுண்டுக்கு மேல் இழப்பீடும் பெற்றது.

2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஆலோசனைச் சங்கம் அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரியது. அந்த விவாதத்தில் கோட்ரிங்டன் தோட்டமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. நமக்குக் கல்வியும் மருத்துவமும் தந்த மிஷனெரிகளை நாம் நன்றியோடு நினைக்கிறோம், அது தகும். இதையும் சேர்த்து நினைப்பதனால் அந்த நன்றி குறைந்துவிடாது. தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்காத வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், சபை வரலாற்றிலும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

1791ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அடிமை வணிகத்தைத் தடைசெய்யும்படி வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்கள் 163 பேர். ஆதரித்தவர்கள் 88 பேர். ஆண்டுக்கணக்காகச் சாட்சியங்களைத் திரட்டியவர்கள் சோர்ந்துபோனார்கள்.

அதே ஆண்டில் லண்டன் மாநகரில் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதை வெளியிட்டவர் மார்த்தா கர்னி என்னும் பாப்டிஸ்டு சபைப் பெண்மணி. அவர் புத்தக வணிகர். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் ரம்மையும் விலக்குங்கள் என்பதே பிரசுரத்தின் வேண்டுகோள். ஃபாக்ஸின் வாதம் நேரானது. அடிமையைப் பிடிக்கிறவனும், விற்கிறவனும், சாட்டை பிடிக்கிறவனும் யாருக்காக வேலை செய்கிறார்கள்? சர்க்கரை வாங்குகிறவருக்காகவே. வாங்குகிறவரே அவர்களைக் கூலிக்கு அமர்த்தியவர்.

அவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். வாரம் 5 ராத்தல் சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் செலவிடும் ஒரு குடும்பம் 21 மாதங்கள் அவற்றை விலக்கினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம். அப்படிப்பட்ட 8 குடும்பங்கள் 19½ ஆண்டுகள் விலக்கினால் 100 பேரைக் காக்கலாம். இந்தக் கணக்கின் துல்லியத்தைப் பற்றி இன்று வாதிடலாம். ஆயினும் அது செய்த வேலை பெரிது. கடலுக்கு அப்பால் நடந்த ஒரு கொடுமையை, தேநீர்க் கோப்பைக்கும் கரண்டிக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

பிரசுரம் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லை; ஆண்களிலும் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் வீட்டுக்கு என்ன சாமான் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பெண்கள். பிள்ளைகளும் தங்கள் தேநீரில் சர்க்கரை வேண்டாமென்றார்கள். நாடெங்கும் பயணம் செய்து சாட்சியங்களைத் திரட்டிய தாமஸ் கிளார்க்ஸன், ஏறக்குறைய 3 இலட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டதாக மதிப்பிட்டார். கேலிச் சித்திரக்காரரான ஜேம்ஸ் கில்ரே, 1792 மார்ச் மாதத்தில், அரச குடும்பமே சர்க்கரையில்லாத தேநீர் அருந்துவதாக ஒரு சித்திரம் தீட்டினார். ஒரு நாட்டின் கேலிச் சித்திரத்தில் இடம்பெறும் அளவுக்கு அந்த எளிய மறுப்பு பரவியிருந்தது.

தாவீது ஊற்றிய தண்ணீர்

பிரியமானவர்களே, இந்த மக்களின் செயலைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வேதபகுதி உதவுகிறது. 2 சாமுவேல் 23:15-17ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். பெலிஸ்தரின் தாணையம் பெத்லகேமில் இருந்த காலம். சொந்த ஊர்க் கிணற்றின் தண்ணீருக்காகத் தாவீது ஏங்குகிறார். அவருடைய வீரர்கள் மூவர் பகைவரின் பாளயத்தைத் துளைத்துக்கொண்டு போய் அந்தத் தண்ணீரை மொண்டு கொண்டுவருகிறார்கள். தாவீதோ அதைக் குடிக்கவில்லை. தங்கள் உயிரைப் பணயம் வைத்துப் போன மனிதரின் இரத்தத்தையே அதில் கண்டார். கர்த்தருக்கென்று தரையில் ஊற்றிவிட்டார்.

அந்தத் தண்ணீரில் அழுக்கில்லை, நஞ்சில்லை. தாவீதுக்குத் தாகம் தீர்ந்துவிடவும் இல்லை. ஆயினும், தண்ணீரை மட்டும் பார்க்காமல் அதைக் கொண்டுவந்த கைகளையும் அவர் பார்த்தார். இத்தனைக்கும் அந்த மூவரும் தாமாகவே, அன்பினால் போனவர்கள். அவர்கள் பட்ட ஆபத்துக்கே தாவீது இப்படிக் கூசினாரென்றால், சாட்டையடிக்குப் பயந்து உழைத்தவர்களின் கையிலிருந்து வந்த இனிப்பை நாம் எப்படி எண்ண வேண்டும்? 1791இல் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால்தான் நின்றார்கள். தன் சகோதரனுக்கு இடறலாகுமானால் மாம்சத்தையே விட்டுவிட ஆயத்தமாயிருந்த அப்போஸ்தலனாகிய பவுலும் (1 கொரிந்தியர் 8:13) அவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடியவரே.

இந்த வரிசையில் நாம் நன்கறிந்த ஒருவரும் இருக்கிறார். அவர் வில்லியம் கேரி. இந்தியாவுக்குப் புறப்படும் முன் அவர் லெஸ்டர் நகரில் ஒரு சிறு சபையின் போதகர். 1792இல் அங்கே அவர் வெளியிட்ட, மிஷனெரிப் பணியை வலியுறுத்தும் புகழ்பெற்ற நூலில், மேற்கிந்தியச் சர்க்கரையை விட்டவர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் தங்கள் கைகளை இரத்தப்பழியிலிருந்து கழுவிக்கொண்டார்கள் என்பது அவர் கருத்து. அதோடு நிறுத்தவில்லை. சர்க்கரையை விட்ட குடும்பங்களுக்கு வாரந்தோறும் 6 பென்ஸ் முதல் 1 ஷில்லிங் வரை மிச்சமாகிறதே, அந்தப் பணத்தைச் சுவிசேஷப் பணிக்குக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னார். கோட்ரிங்டன் தோட்டத்தில் சர்க்கரை விற்ற பணம் மிஷனெரி சங்கத்துக்குப் போனது. கேரியின் யோசனையில் சர்க்கரை வாங்காத பணம் மிஷனெரிப் பணிக்குப் போகிறது. இரண்டும் காணிக்கைகளே. தேவன் எதை எப்படி ஏற்பார் என்பதை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன்.

'உடனே' என்ற ஒரு சொல்

முதல் புறக்கணிப்பு அடிமை வணிகத்தை உடனே முடித்துவிடவில்லை. பிரான்சுடன் போர் மூண்டது. சீர்திருத்தம் பேசியவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. 1807இல்தான் அடிமைகளைக் கப்பலேற்றும் வணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே அடிமைகளாயிருந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள். பெரிய தலைவர்களும்கூட 'படிப்படியாக' ஒழிக்கலாம் என்றே பேசினார்கள்.

அப்போது, கேரி ஊழியம் செய்த அதே லெஸ்டர் நகரத்தில், குவேக்கர் சபையைச் சேர்ந்த எலிசபெத் ஹெய்ரிக் என்னும் விதவை எழுந்தார். படிப்படியாக அன்று, உடனே ஒழிக்க வேண்டும் என்று 1824இல் ஒரு பிரசுரம் எழுதினார். தோழியோடு வீடு வீடாகச் சென்று, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் மேசைகளில் வைக்கப்பட்டன. பெண்களின் சங்கங்கள் பல ஊர்களில் தோன்றின. 'படிப்படியாக' என்ற சொல்லை நீக்காவிட்டால் நிதியுதவியை நிறுத்துவோம் என்று பர்மிங்ஹாம் பெண்கள் சங்கம் உறுதியாகச் சொன்னது. 1830இல் தலைமைச் சங்கம் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது.

வாங்குகிறவர்கள் மட்டும் போராடினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜமெய்க்காவில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை மனிதர், பாப்டிஸ்டு சபையின் உதவிக்காரராக இருந்தார்; வேதம் வாசிக்கத் தெரிந்தவர். 1831ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புப் பண்டிகை முடிந்ததும், கரும்பு அறுவடை தொடங்கும் வேளையில், கூலி தராவிட்டால் வேலை செய்வதில்லை என்று உறுதியெடுக்கும்படி அவர் தம் மக்களை ஆயத்தப்படுத்தினார். அமைதியான வேலைநிறுத்தமாக நினைத்தது டிசம்பர் 27 அன்று தீயும் கலகமுமாக மாறியது. 14 வெள்ளையர் உயிரிழந்தனர். அதற்குப் பதிலாக 300க்கும் மேற்பட்ட அடிமைகள் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் இறந்தார்கள். அடக்குமுறையின்போதே மேலும் 200 பேர்வரை கொல்லப்பட்டிருந்தனர். 1832 மே 23 அன்று ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். இந்தச் செய்தி இங்கிலாந்தை உலுக்கியது.

1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 8 இலட்சம் பேரின் விடுதலைக்கு அது வழி திறந்தது. ஆனால் 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது எசமானர்களுக்கு. அடிமைகளாய் உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள், 1838 வரை, அவர்கள் கூலியின்றி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். எலிசபெத் ஹெய்ரிக் 1831இலேயே காலமாகிவிட்டார். அவர் விதைத்ததின் அறுவடையை அவர் கண்கள் காணவில்லை.

பெயரை மாற்றிக்கொண்ட பாவம்

வரலாறு இங்கே முடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முடியவில்லை. 1846இல் பிரிட்டன் தன் சர்க்கரை வரிச் சட்டத்தை மாற்றியது. கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த சர்க்கரை படிப்படியாகக் குறைந்த வரியோடு பிரிட்டிஷ் சந்தைக்குள் வந்தது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். தன் தீவுகளில் விலங்கை அறுத்த நாடு, பிறர் தீவுகளில் விலங்கிட்டவர்கள் செய்த இனிப்பை விலை மலிவு என்று வாங்கியது.

விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களில் பழைய நிலையில் வேலை செய்ய விரும்பவில்லை. தோட்டக்காரர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். 1834 நவம்பர் 2 அன்று, 'அட்லஸ்' என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு மொரீஷியஸ் தீவை அடைந்தது. அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். 1911வரை அங்கே ஒரு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இப்படிச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே.

அவர்கள் அடிமைகள் அல்லர். கைந்நாட்டு வைத்து, கூலி பெற்று, காலம் முடிந்தால் விடுபடக்கூடியவர்கள். அந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் அது சிறைக்குரிய குற்றம். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி வெட்டு. தோட்டத்தை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு. பழைய குடியிருப்புகளில் பல இடங்களில் இவர்களே குடியேற்றப்பட்டார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய இந்தியப் பெண்களின் துயரைப் பாரதியார் உருகிப் பாடினார். அதே பிஜிக்கு 1915இல் சென்று நேரில் கண்டு அறிக்கை எழுதியவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ்; அவர் காந்தியடிகளின் நண்பரும் கிறிஸ்தவ ஊழியரும் ஆவார். இந்தியர் பலரின் போராட்டமும் அவருடைய சாட்சியும் சேர்ந்து, 1917இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1 அன்று பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. ஏழைகளின் நண்பன் என்று பொருள்படும் 'தீனபந்து' என்ற பெயரால் மக்கள் அவரை அழைத்தார்கள்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 'அடிமை' என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியபோது, நல்ல மனமுடைய பலர் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிட்டார்கள். 'அடிமைகள் செய்யாதது' என்று எழுதிய கிண்ணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் கிழக்கிந்தியச் சர்க்கரை விளைந்த இந்தியாவிலும் அக்காலத்தில் பண்ணையடிமைகள் இருந்தார்கள். அதைச் சட்டம் தீண்டியது 1843இல்தான். ஒரு முறை கேட்டு, ஒரு பதிலைப் பெற்று, அதோடு நிம்மதியடைந்துவிடுவது நம் மனத்தின் இயல்பு. பாவமோ தன் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாசல் வழியாக வருகிறது.

நம்முடைய பந்தி

இனி நம்மிடத்துக்கு வருவோம். இந்தியாவில் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் வந்து, வயலோரத்துக் குடிசையில் தங்கி, விடியுமுன் கரும்பு வெட்டப் போகிறவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்தால் கட்டுண்டு கிடப்பவர்களைப் பற்றிய செய்தி நாளிதழில் வரும்போது, அந்தச் செங்கல்லும் அரிசியும் நம் வீட்டுக்கு வரும் வழியைப் பற்றி எண்ணியதுண்டா? வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அது சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் எட்டுகிறது என்றும் யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக்கோபு 5:4). நம் காதுக்கு எட்டாதது அவர் காதுக்கு எட்டிவிடுகிறது.

சர்க்கரையை எல்லாரும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விட்டுவிட்டால், வெட்டுகிறவரின் பிழைப்பும் போய்விடலாம். 1791இல் ஒரு பொருளை விலக்குவது சரியான கீழ்ப்படிதலாக இருந்தது. வேறொரு காலத்தில் நியாயமான விலை கொடுப்பது, கேள்வி கேட்பது, சட்ட உதவி பெற்றுத் தருவது, ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்பது ஆகியவை சரியான கீழ்ப்படிதலாக இருக்கலாம். செயல் மாறலாம். உணவைப் பார்க்கும்போது அதைத் தந்த கைகளையும் பார்ப்பது மட்டும் மாறக் கூடாது.

இதை மிக அருகிலிருந்தே தொடங்கலாம். நம் சபையின் அறுப்பின் பண்டிகையும் அசனமும் ஆண்டுதோறும் சிறப்பாக நடைபெறுகின்றன. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து உண்கிறோம். விடிய விடிய அடுப்படியில் நின்ற சமையற்காரர்களுக்குப் பேசிய கூலி அன்று மாலைக்குள் கொடுக்கப்படுகிறதா? பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுக்கச் சொல்லும் கட்டளை உபாகமம் 24:15இல் இருக்கிறது. அண்டா கழுவுகிற பெண்கள் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள்? கடைசிப் பந்தியில் அவர்கள் இலைக்குக் கறி மிஞ்சுகிறதா? கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரத்தில் நம் வீட்டுப் பலகாரத்துக்காகக் கூடுதல் நேரம் நிற்கும் வேலைக்காரச் சகோதரிக்கு, அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டா, அல்லது ஒரு பொட்டலம் முறுக்கோடு முடித்துவிடுகிறோமா? கரீபியத் தீவுகளைப் பற்றி வருந்துவது எளிது. இந்தக் கேள்விகள் நம் வீட்டுக்குள் வருவதனால் கடினமாக இருக்கின்றன.

இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேளை உணவில் இதைச் செய்து பாருங்கள். ஜெபித்து உண்ணத் தொடங்கும் முன், மேசையிலிருக்கும் ஏதேனும் ஒரு பொருளைச் சுட்டி, 'இது யார் கையிலிருந்து வந்தது?' என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தேடிப் பாருங்கள். அந்தக் கையை உடையவருக்காகப் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியும், தெரியாவிட்டால் கர்த்தர் அறிவார் என்றும் ஜெபியுங்கள். அசனக் குழுவில் இருக்கும் சகோதரர்கள் மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்றன்றுள்ள அப்பத்தை நமக்குத் தருகிற பரமபிதா, அதை விளைவித்தவர்களின் பந்தியிலும் குறைவில்லாதிருக்கச் செய்வாராக. அதற்கு நம் கைகளையும் பயன்படுத்துவாராக. ஆமென்.